வடக்கு மதில்: உண்டு

அந்தக் கல்லு மேல இருக்காதீங்க சார். தப்பா எடுத்துக்கிடாதீங்க. அது நூத்தி நாப்பத்தாறாம் நம்பர். இங்க அடுக்கியிருக்கிய முன்னூத்திப் பன்னிரண்டு கல்லும் பட்டியல்ல ஏறின சாதனம், சர்க்கார் பொருள். ஒண்ணு இடம் மாறுனாலும் நான்தான் பதில் சொல்லணும். இப்பிடி வாங்க, காவல்புரைக்குள்ள வந்து இருங்க, எனக்க வீடும் இதுதான். மழை இப்ப விடாது. ஐப்பசியில்லா.

மதுரையா? அவ்வளவு தூரத்துல இருந்தா? போன்ல பாத்துட்டு வந்திருப்பீங்க. பூவங்காட்டுக் கொட்டாரம், காலையில ஒம்பது மணி முதல் சாயங்காலம் அஞ்சு மணி வரைன்னு போட்டிருக்குமே. அதை ஆரு போட்டான்னு எனக்குத் தெரியாது. வாரவங்க எல்லாம் அதைக் காட்டித்தான் எங்கூடச் சண்டை பிடிப்பாவ. டிக்கெட் கிழிக்க எனக்கு அதிகாரம் இல்லை சார். நான் ரிட்டயர் ஆகி நாலு வருஷம் தாண்டியாச்சு. ரிட்டயர் ஆனவன் ஆளைக் கூட்டிக்கிட்டு உள்ள போனா குத்தம். சாவியைப் போட்டுட்டுப் போனா அதும் குத்தம். திறக்கவும் முடியாது, போகவும் முடியாது. இதுதான் எனக்க நெலமை.

சாயா போடட்டா? பால் இல்லை, கட்டன்தான். வீட்டுக்காரி இங்க இல்லை. கோயம்புத்தூருல மக வீட்டுல இருக்கா. தை மாசம் போனா. அதைத்தான் சொல்ல வாறேன்.

முதல்ல இந்தக் கொட்டாரத்துக்க கதையைக் கேளுங்க. கொட்டாரம்னா எங்க பக்கத்துல அரண்மனை. பெரிசா நெனச்சுக்கிடாதீங்க, மகாராஜா தெக்க வரும்போது ரெண்டு நாள் தங்கிய இடம், அவ்வளவுதான். பதினேழு முறி, அறைன்னு சொல்லுவீங்களே, அது. மச்சு முழுக்க மரத்துல தாமரை தாமரையா செதுக்கி வச்சிருக்கு. ஒரு தாமரை மாதிரி இன்னொண்ணு இருக்காது. நான் எண்ணியிருக்கேன், இருநூத்தி நாலு.

அம்பத்தாறு நவம்பர் ஒண்ணாந்தேதி மாநிலத்தைப் பிரிச்சாவ. எங்க நாலு தாலுகா தமிழோட வந்தது. அதுக்காக அடி வாங்கினவங்க, செத்தவங்க எல்லாம் உண்டு இந்தப் பக்கத்துல. நல்ல காரியம்தான், நான் குத்தம் சொல்லல. ஆனா கொட்டாரம் மகாராஜா வகை. மகாராஜா வகை எல்லாம் திருவனந்தபுரத்துச் சர்க்காருக்குப் போயிருந்தது. அவங்க விட்டுத் தர மாட்டேன்னாவ. இவங்களும் விட முடியாதுன்னாவ. பெரிய ஆட்கள் இருந்து பேசி ஒரு தீர்மானம் எடுத்தாவ. சுவரும் ஓடும் மரமும் அங்கத்தவங்களுக்கு. அது நிக்கிய மண்ணு இங்கத்தவங்களுக்கு. அதுலேயே அம்பத்தாறுல ஒரு பட்டியல் போட்டாவ. என்னென்ன முறி, எத்தனை கதவு, எத்தனை வெளக்கு, எந்தெந்த மதில், எல்லாத்துக்கும் நேர உண்டு, உண்டு, உண்டுன்னு எழுதி ரெண்டு பக்கமும் ஒப்பு, கையெழுத்து.

எனக்க அப்பா அன்னைக்கு இங்க காவல். அவருக்க ஜோலி அங்க, ரேஷன் கார்டு இங்க. அவரு போன பிறகு எனக்குக் கிடைச்சதும் அப்பிடித்தான். ஆபீஸு திருவனந்தபுரத்துல. எந்த ஆபீஸுன்னு பேரு சொல்லலை, எனக்க பேப்பர் இன்னும் அங்கதான் கெடக்கு. நாங்க அதைக் கொட்டாரம் செக்‌ஷன்னு சொல்லுவோம். கையெழுத்து மலையாளத்துல போடணும், வோட்டு தமிழ்ல போடணும்.

முப்பது வருஷத்துக்கு மேல நான் இங்கதான். இடையில ஒரு தடவை அங்க மியூசியத்துக்கு மாத்தம் தந்தாவ. கோட்டர்ஸும் உண்டு. பகவதிக்கு, எனக்க வீட்டுக்காரி பேரு பகவதி, அவளுக்குப் போக ஆசை. அப்ப பாத்து தெக்குக் கூரையில ஓடு மாத்தி பாதியில நின்னுட்டு. பாதியில விட்டுட்டுப் போனா மரம் நனைஞ்சு போவுமேன்னு மாத்தம் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன். வேற வழியில்லை. மக கல்யாணம் கோயம்புத்தூருல வச்சு நடந்தது. தாலி கட்டின கையோட பஸ் ஏறி வந்துட்டேன். மழைக்காலம், வடியிய ஓடையில இலை அடைச்சா வெள்ளம் உள்ள வரும். அதை ஆரு பாப்பா? பகவதி அதை இன்னும் சொல்லிக் காட்டுவா. வேலைன்னா அப்பிடித்தானே சார்?

அங்கத்த சட்டப்படி அம்பத்தாறு வயசுல எனக்கு ரிட்டயர் ஆகிப் பிரியிய நாள் வந்தது. குறுப்பு சார்தான் அங்க சூப்பிரண்டு, நல்ல மனுஷன், சத்தம் போட்டுப் பேச மாட்டாரு. அவரு போன்ல விளிச்சு, தாணு, சார்ஜ் எடுக்க ஆளு வரும், அதுவரை சாவியை விட்டுராதேன்னாரு. அந்த ஆளு வரவே இல்லை. ஒருத்தரைப் போட்டாவ, அவருக்குப் பிள்ளைக்க பள்ளிக்கூடம். இன்னொருத்தரைப் போட்டாவ, அவரு தமிழ்நாட்டுல போயி நான் எப்பிடி ஜோலி பாப்பேன்னு ஸ்டே வாங்கிட்டாரு. சார்ஜ் ஒப்படைக்காத ஆளுக்கு விடுதல் சீட்டு கிடையாது. அது கிடைக்காட்டா அங்க எனக்க பென்ஷன் ஃபைல் நகராது.

சரி, அங்கதான் அப்பிடி. இங்க என்ன நடந்ததுன்னா, ரெண்டாம் வருஷம் கிராம ஆபீஸ்ல இருந்து ஒரு நோட்டீஸு. சர்க்கார் நிலத்துல அனுமதி இல்லாம குடியிருக்கிய தாணுமாலயன் என்பவருக்குன்னு எழுதியிருக்கு. நான் ஆக்கிரமிப்பாளராம் சார். உத்தியோகத்துல இருந்த வரைக்கும் காவல்காரன். ரிட்டயர் ஆன மறுநாள் முதல் அனுமதி இல்லாம குடியிருக்கியவன். போயிக் கேட்டேன். அங்க இருந்த ஆபீசரும் நல்லபடியாத்தான் சொன்னாரு, எல்லாருக்கும் அனுப்பிய நோட்டீஸுதான், மனசுல வைக்காதீங்கன்னு. நான் காலி பண்ண ரெடி, சாவியை நீங்க வாங்கிக்கிடுங்கன்னேன். சாவி அவங்களுது, நாங்க தொடப்படாதுன்னாரு.

பகவதி அன்னைக்குச் சிரிச்சா. உங்களை வச்சுக்கிடவும் ஆளில்லை, அனுப்பவும் ஆளில்லைன்னா. மக சுஜிலாவுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. மருமகனுக்குப் பம்பு கம்பெனியில ஜோலி, மாடியில ஒரு முறி எங்களுக்குன்னே ஒதுக்கியிருந்தாவ. பகவதி ஒரு மாசம் அங்க, ஒரு மாசம் இங்கன்னு நடந்தா. வாரப்போ எல்லாம் எப்ப வாறீங்க, எப்ப வாறீங்கன்னு அதே கேள்வி. நான் என்ன செய்யியது? ஆளு வரட்டும்னு சொல்லுவேன்.

இனி மதிலுக்க காரியத்துக்கு வாறேன்.

போன வருஷம் இதே மாசம். வடக்கு மதிலுக்கு அங்கப்புறம் ஒரு நடைபாதை, அதுல பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போவும், வரும். எம்பது தொண்ணூறு பிள்ளைகள் இருக்கும். மதில் வெட்டுகல்லு, இடையில மண்ணு வச்சுக் கெட்டினது, ஆளு உயரத்துக்கு ஒண்ணரை. பெஞ்ச மழையில ஒரு பதினெட்டு அடி நீளத்துக்கு மதில் வயிறு தள்ளி நிக்குது. காலையில பாத்தா ஒரு விரக்கடை, சாயங்காலம் பாத்தா ரெண்டு விரக்கடை. ஒரு கம்பை நட்டு அளந்துக்கிட்டே இருந்தேன்.

அங்க எழுதினேன். பதில் இல்லை. நேரே போனேன். குறுப்பு சார் எழும்பி எனக்கு நாற்காலி போட்டாரு. எல்லாம் கேட்டாரு. அந்த மதிலைச் சரியாக்கணும்னா எஞ்சினியர் வந்து பாக்கணும், அவரு ஸ்டேட்டு தாண்டணும்னா உத்தரவு வேணும், பிறகு டெண்டர், பிறகு இங்க மண்ணு தோண்ட இங்கத்த அனுமதின்னு விரலை மடக்கிச் சொன்னாரு. சார், அதுவரை நிக்காதுன்னேன். நானே பைய இறக்கி வச்சுரட்டான்னும் கேட்டேன். அவரு மொகம் மாறிப் போச்சு. "தாணூ, ஒரு கல்லு போலும் அனக்கருது"ன்னாரு. ஒரு கல்லைக்கூட அசைக்கப்படாதுன்னு. பாதுகாக்கப்பட்ட மதில், கைவச்சா ஜெயில்னு தாழ்ந்த குரல்ல சொன்னாரு.

திரும்பி வந்து இங்க தாலுகா ஆபீஸுக்குப் போனேன். அங்க ஒரு அம்மா இருந்தாவ, தாசில்தார். பொறுமையா ஃபைலைப் பாத்தாவ. மதில் அவங்களுது, மண்ணு மட்டும்தான் நம்மளுது, மதிலைப் பத்தி நாங்க ஒண்ணும் செய்ய முடியாதுன்னாவ. விழுந்தாம்மான்னு கேட்டேன்.

"விழுந்தா மண்ணுல கெடக்கும்லா. அப்ப நாங்க பாக்கலாம்."

கிண்டல் இல்லை சார், அவங்க சட்டம் உள்ளதைச் சொன்னாவ. நிக்கிய வரைக்கும் அங்கத்த மதில், விழுந்தா இங்கத்த மண்ணு. இடையில ஆராவது நடந்து போனா அவன் எங்கத்தவன்னு நான் கேட்கல. கேட்டிருக்கணும்.

பள்ளிக்கூடத்துல ஜெசிந்தா டீச்சர் ஹெட்மிஸ்டிரஸ். அவங்ககிட்ட பிள்ளைகளை வேற வழியா விடுங்கன்னேன். வேற வழின்னா ஹைவேயைத் தாண்டணும் அண்ணாச்சி, லாரிக்கும் மதிலுக்கும் நடுவுல நான் எதை எடுக்கன்னு கேட்டாவ. அதும் சரிதான். அப்போ நான் என்ன செஞ்சேன்னா, காலையில எட்டரைக்கும் சாயங்காலம் நாலுக்கும் அந்தப் பாதையில போயி நிக்க ஆரம்பிச்சேன். மதிலுக்கு முதுகைக் காட்டிக் கையை விரிச்சு நிப்பேன். பிள்ளைகள் அந்த ஓரமா வரிசையாப் போவும். மதில் விழுந்தா எனக்க முதுகு தாங்கவா போவுது? ஆனாலும் நின்னேன். பதினோரு நாள் நின்னேன். முதுகுக்குப் பின்ன மண்ணு பொடிப்பொடியா உதிரிய சத்தம் கேக்கும். அந்தப் பதினோரு நாள்ல நான் பட்ட பாடு இருக்கே, அதைச் சொல்லி மாளாது. ராஜின்னு ஒரு சின்னக் குட்டி, எப்பவும் கடைசியா வரும், பைய வரும். அது தாண்டிய வரைக்கும் மூச்சு விட மாட்டேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் எல்லாரும் போயாச்சு, அந்தக் குட்டியும் தாண்டியாச்சு. நாலு கல்லு மேல இருந்து சாடிச்சு. குட்டி குடையைப் பாதையில மறந்து வச்சுட்டுப் போயிருந்தது, அதை எடுக்கத் திரும்பி வருது. கல்லு குடை மேல. நான் ஓடிப் போயி குட்டியைத் தூக்கிட்டேன். அது அழல. குடையைப் பாத்துட்டு, அம்மா அடிப்பாங்கன்னு மட்டும் சொன்னது.

வீட்டுக்கு வந்து பகவதிகிட்ட சொன்னேன். அவ நேரே அடுப்படிக்குள்ள போயி கம்பிப்பாரையை எடுத்துக்கிட்டு வந்தா. மறுநாள் மழைக்கு லீவு விட்டிருந்தாவ, அதுக்க மறுநாள் சனி. மூணு நாள் சார். மூணு நாள்ல அந்தப் பதினெட்டு அடியையும் நாங்க ரெண்டு பேரும் இறக்கினோம். நான் மேல நின்னு நெம்புவேன், அவ கீழ நின்னு வாங்குவா. ஒவ்வொரு கல்லுக்கும் கரியால நம்பர் போட்டு, எந்த வரி, எத்தனாவதுன்னு நோட்டுல எழுதி அடுக்கினேன். என்னைக்காவது திரும்பக் கெட்டணும்னா அப்பிடியே கெட்டலாம். ஒரு கல்லு உடையல. பகவதிக்குக் கை ரெண்டும் தோலுரிஞ்சு போச்சு. ரெண்டாம் நாள் கஞ்சி குடிக்கும்போது அவ சொன்னா, இஞ்சேருங்க, இதோட இந்த வேலை தீந்தது, இனி நாம போலாம்லான்னு. நானும் போலாம்னேன். சத்தியமாச் சொன்னேன்.

திங்கக்கிழமை பிள்ளைகள் வந்து பாத்தா மதிலைக் காணோம். கொட்டாரத்துக்க முற்றம் அங்க இருந்தே தெரியுது. அந்தக் குட்டி நின்னு ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னுது.

புதன்கிழமை பேப்பர்ல வந்துட்டு. பழமையான அரண்மனை மதில் இடிப்பு, காவலாளி மீது புகார். போட்டோவுல நானும் கம்பிப்பாரையும். அங்க இருந்து ஒரு மெமோ, பாதுகாக்கப்பட்ட சொத்துக்குச் சேதம் விளைவிச்சதுக்கு விளக்கம் கேட்டு. இங்க இருந்து ஒரு நோட்டீஸு, சர்க்கார் நிலத்துல அனுமதி இல்லாம கல்லு அடுக்கினதுக்கு. ஒரே தபால்ல ரெண்டும் வந்தது. போலீஸ்காரங்க வந்து கல்லை எல்லாம் எண்ணி, இது எவிடன்ஸு, தொடப்படாதுன்னு எழுதி வாங்கிட்டுப் போனாவ. விசாரணை முடியிய வரைக்கும் ஊரை விட்டுப் போவப்படாதுன்னும் சொன்னாவ.

மதில் இருந்த வரைக்கும் சாவிதான் என்னைப் பிடிச்சு வச்சிருந்தது. மதில் போன பிறகு மதிலும் பிடிச்சு வச்சுட்டு. சாயா ஆறுது, குடிங்க.

தை மாசம் ஒரு நாள் பதினோரு மணிக்குக் குறுப்பு சாரு ஜீப்புல வந்து இறங்குனாரு. கூட ஒரு பொண்ணு. ஸ்மிதான்னு பேரு, நெய்யாற்றின்கரைக்காரி. அப்பா சர்வீஸ்ல இருக்கும்போதே செத்துப் போயி, அந்த வகையில ஜோலி கிடைச்சிருக்கு. எங்க சுஜிலா வயசுதான் இருக்கும். கல்யாணம் ஆகல, வீட்டுல அம்மையும் ரெண்டு தங்கச்சிகளும். வேற ஆரும் வராத இடத்துக்கு அவளைப் போட்டிருக்காவ. அவ மாட்டேன்னு சொல்ல முடியாத ஆளு.

பகவதிக்குச் சந்தோஷம் பாக்கணுமே. ஓடி ஓடி எடுத்து வச்சா. ரெண்டு மணி பஸ்ஸுக்கு நாகர்கோவில் போயி, அங்க இருந்து கோயம்புத்தூர் வண்டி. எனக்க சட்டையும் வேட்டியும் அவ பெட்டியில மேலாப்புல வச்சிருந்தா.

குறுப்பு சார் மேசை மேல பட்டியலை விரிச்சாரு. அம்பத்தாறுல போட்ட அதே பட்டியல், புதுசா டைப் அடிச்சு. நான் ஒப்படைச்சேன்னு ஒரு ஒப்பு, ஸ்மிதா ஏத்துக்கிட்டேன்னு ஒரு ஒப்பு. ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டே வந்தேன். கிழக்கு மதில், உண்டு. தெக்கு மதில், உண்டு. வடக்கு மதில், உண்டு.

சார், வடக்கு மதில் இல்லையேன்னேன்.

அவரு ஸ்மிதாவை முற்றத்துக்கு அனுப்பிட்டு, எங்கிட்ட குனிஞ்சு சொன்னாரு. அவருக்க மனசுல எனக்கு நல்லது செய்யணும்னுதான் சார், நான் அதை மறக்க மாட்டேன். "தாணூ, நீ ஒப்பு போடு. கவர்மெண்டு பேப்பர்ல மதில் நிக்குது. நிக்கிய மதிலை நீ எப்பிடி இடிச்சிருக்க முடியும்? கேஸ் தானாத் தீரும். நீ இன்னைக்கே பொண்டாட்டியோட போவலாம்."

பேனாவைக் கையில தந்தாரு. பகவதி கதவுக்குப் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு நின்னா. நான் ஜன்னல் வழியா பாத்தேன். அந்தப் பொண்ணு கல்லு அடுக்கு பக்கத்துல நின்னு நம்பரை வாசிச்சுக்கிட்டு நிக்கா. நான் ஒப்பு போட்டா மதில் அவ கணக்குல நிக்கும். நாளைக்கு ஒரு அதிகாரி வந்து வடக்கு மதில் எங்கேன்னு கேட்டா அவ என்ன சொல்லுவா? இல்லாத மதிலை ஏத்துக்கிட்டவ அவதானே. பதினெட்டு அடி மதிலைத் தொலைச்சவன்னு அவ ஜோலி போவும். நான் கோயம்புத்தூருல பேரப்பிள்ளையைக் கொஞ்சிக்கிட்டு இருப்பேன்.

பேனாவை மேசை மேல வச்சுட்டேன். முடியாது சார்னேன். குறுப்பு சாரு பட்டியலை மடக்கினாரு. அவருக்கும் வருத்தம்தான். ஸ்மிதாவைக் கூட்டிக்கிட்டு முற்றத்துல இறங்குனாரு.

பகவதி பெட்டியைத் திறந்தா. எனக்க சட்டையையும் வேட்டியையும் எடுத்துக் கட்டில்ல வச்சா. மடிச்சுத்தான் வச்சா. பெட்டியை மூடி எடுத்துக்கிட்டு வாசலுக்கு வந்தா. நான் அவகிட்ட, பாத்தே இல்லா, நம்ம சுஜிலா மாதிரி ஒரு பொண்ணு, நான் எப்பிடி ஒப்பு போடுவேன்னேன்.

"அதுல நான் தப்பு சொல்லல. நீங்க செஞ்சது சரிதான்"ன்னா. "ஆனா இன்னைக்கு மதில் இல்லாட்டா வேற ஒண்ணு இருந்திருக்கும். முப்பத்திரண்டு வருஷமா ரெண்டு சர்க்காரையும் சொல்லிச் சொல்லி என்னை இங்க வச்சிருந்தீங்க. உங்களுக்கு இங்க இருந்து போக மனசில்லை. அதை ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லியிருந்தா, நானும் இருந்திருப்பேன்."

குறுப்பு சாரு நிக்காரு, அந்தப் பொண்ணு நிக்கா, அவிய முன்ன என்னத்தைச் சொல்லியது? அவ நடந்து போயி பஸ் ஏறிட்டா. குறுப்பு சாரு ஜீப்புல கொண்டு விடுறேன்னாரு, வேண்டாம்னுட்டா.

அவ சொன்னதுல நியாயம் இல்லை சார். முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவ இப்பிடிச் சொல்லலாமா? எனக்கா போக ஆசை இல்லை? பேரப்பிள்ளையை நான் நாலே தடவைதான் பாத்திருக்கேன். இங்க எனக்கு என்ன இருக்கு? ஓடு சாயுது, பாம்பு வருது, நாலாம் முறியில கரையான். அந்தத் தாமரையை எல்லாம் மாசம் ஒரு தடவை துணி வச்சுத் துடைக்கணும், ஏணியில நின்னு. அறுபது வயசுல ஏணி ஏறியது ஆசையினாலயா?

பிறகு நடந்ததையும் கேளுங்க. ஜெசிந்தா டீச்சர் சும்மா இருக்கல. பிள்ளைகளுக்க அப்பா அம்மா எல்லார்கிட்டயும் ஒப்பு வாங்கி, அந்த நசுங்கின குடையையும் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனாவ. ஆனி மாசம் விசாரணை வச்சாவ. நோட்டைக் காட்டினேன். ஒரு எஞ்சினியர் வந்து கல்லு நம்பரை எல்லாம் பாத்துட்டு, இவ்வளவு ஒழுங்கா நாங்களே செஞ்சிருக்க மாட்டோம்னு எழுதினாரு. இங்கத்த நோட்டீஸும் தீந்தது, அங்கத்த மெமோவும் தீந்தது. பட்டியலைத் திருத்த ரெண்டு சர்க்காரும் சம்மதிச்சாவ. அம்பத்தாறுக்குப் பிறகு முதல் தடவையா ரெண்டு பேரும் ஒரு காரியத்துல ஒத்துப் போனாவ. ஊருல எனக்குப் பொன்னாடை கூட போட்டாவ.

புரட்டாசி கடைசியில ஸ்மிதா வந்தா. தனியா, பஸ்ஸுல. திருத்தின பட்டியல் ரெண்டு காப்பி. வடக்கு மதில், பதினெட்டு அடி இல்லை, கல்லு முன்னூத்திப் பன்னிரண்டு, நம்பரிட்டு அடுக்கியிருக்குன்னு தெளிவா இருக்கு. எனக்குச் சந்தோஷம். அவளுக்கும் சந்தோஷம். இனி இந்தக் காவல்புரைக்கு அம்மையையும் தங்கச்சிகளையும் கூட்டிக்கிட்டு வரணும், ஓடு மட்டும் கொஞ்சம் பாக்கணும் மாமான்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நாங்க ரெண்டு பேரும் காலையில இருந்து ஒவ்வொரு முறியா நடந்து பாத்தோம். எல்லாம் சரி. கதவு சரி, வெளக்கு சரி, தாமரை இருநூத்தி நாலும் சரி.

ஒப்பு போடப் பேனாவை எடுக்கும்போதுதான் பாத்தேன். கிணறு ஒண்ணுன்னு போட்டிருக்கு. கயிறு ஓடிய கிணத்து உருளையைப் போடல. வெங்கல உருளை சார், பழசு. அதும் சாதனம்தானே? அம்பத்தாறு பட்டியல்லயும் அது விட்டுப் போயிருக்கு, ஆருக்கும் கண்ணுல படல.

நான் சொன்னேன், ஸ்மிதா, இது இல்லையேன்னு. அவ அதுக்கு, "மாமா, அது ஞான் பேனா வச்சு எழுதிச் சேர்க்காம்"ன்னா, அவளே எழுதிச் சேத்துருவாளாம். எனக்கு அது சரியாப் படல. டைப் அடிச்ச கவர்மெண்டு பட்டியல்ல ஒருத்தர் பேனாவால எழுதிச் சேத்தா, நாளைக்கு அவளுக்குத்தானே கேள்வி வரும்? அவளுக்க நல்லதுக்குத்தான் சொன்னேன். திரும்பக் கொண்டு போயி, உருளையையும் சேத்து, ரெண்டு பக்கமும் ஒப்பு வாங்கிக் கொண்டுவான்னேன். அவ எனக்க மொகத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. காகிதத்தைப் பைக்குள்ள வச்சா. கண்ணு நிறைஞ்சிருந்ததோ என்னமோ, நான் சரியாப் பாக்கல.

அன்னைக்குப் பகவதிக்குப் போன் போட்டுச் சொன்னேன். உருளை காரியம் எல்லாம் விவரமாச் சொன்னேன். அவ சரின்னா. பின்ன பிள்ளை அழுதுன்னு வச்சுட்டா. அதுக்குப் பிறகு அவ போன் போடல. நான் போட்டா சுஜிலாதான் எடுக்கா.

அந்தப் பொண்ணு போயி மூணு வாரம் ஆச்சு. ரெண்டு சர்க்காரு ஒப்புன்னா தாமசம் ஆவும், தெரியும். வந்துருவா. வந்தா ஒப்பு போட்டுக் குடுத்துட்டு மறுநாளே கோயம்புத்தூர் வண்டிதான். நானும் மனுஷன்லா.

மழை கொஞ்சம் விட்டிருக்கு. அந்த வாசல் பக்கமா நின்னு வேணும்னா உள்ள எட்டிப் பாருங்க, மச்சுல முதல் ரெண்டு தாமரை தெரியும். இந்த மூணு வாரமா நானும் சும்மா இருக்கல. ஒவ்வொரு முறியா பட்டியலை வச்சுப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் ரெண்டு சாதனம் விட்டுப் போயிருக்கிறதைக் கண்டுபிடிச்சிருக்கேன். அவகிட்ட இன்னும் சொல்லல. வரட்டும், வரும்போது சொல்லலாம்னு வச்சிருக்கேன்.